பூட்டில்லை நானா, பாட்டு

ஒரு பாட்டை முழுதாகக் கேட்க விடாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடைக்குள் இருந்து திறப்பு வெட்டுகிறார். சாவிக்கு எங்கள் ஊரில் திறப்பு என்று பெயர். அண்ணனை நானா என்பது முஸ்லிம் வழக்கம்; ஆகவே அவருக்குத் திறப்பு நானா என்று பெயர். சொந்தப் பெயரை அவருடைய மனைவியாவது ஞாபகம் வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

திறப்பு எப்படித் தொலைந்தது என்று சொல்லாதவருக்கு நானா புதுத் திறப்பு வெட்ட மாட்டார். கடலில் விழுந்துவிட்டது என்று, கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். எந்தக் கரை, அலை எந்தப் பக்கம் அடித்தது என்று நானா கேட்டுக் கேட்டே, அது மனைவியோடு சண்டை பிடித்துக் கிணற்றுக்குள் எறிந்த திறப்பு என்ற உண்மையை வெளியே எடுத்தார். அதற்குப் பிறகுதான் இயந்திரத்தை முடுக்கினார்.

நான் கிற்றார் வாசிப்பவன். என் நண்பன் செல்வன் பேஸ் கிற்றார். எட்டு வருடமாகக் கலியாண வீடுகளில் சோறு மெல்லுவதற்குப் பின்னணி இசை கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் ரொக் குழுவுக்கு, உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு சனிக்கிழமை வாசித்துக் காட்ட வேண்டும். பிடித்துப் போனால் எல்லாச் சனிக்கிழமையும் எங்களுக்குத்தான்! நாங்கள் தரையில் நிற்கவில்லை.

வினை கடைசிப் பாட்டில் வந்தது. அது ஒரு பழைய ஆங்கில ரொக் பாட்டு. இசைத்தட்டில் அது முடிவதே இல்லை. சத்தம் குறைந்து குறைந்து காணாமல் போய்விடும். மேடையில் அப்படிக் காணாமல் போக முடியுமா? ஒரு கோர்ட்டில், அதாவது சேர்த்து மீட்டும் ஒரு சுரக்கூட்டில், ஓங்கி அடித்து நிறுத்தியாக வேண்டும். எதில் நிறுத்துவது என்றால், பாட்டின் கீ, அதாவது அது வந்து அடங்கும் ஆதார சுருதி, எது என்று தெரிய வேண்டும். செல்வன் டி என்றான். நான் ஜி என்றேன். வியாழக்கிழமை ஆனபோது, ஜியில் முடித்தால் மேடைக்கே வரமாட்டேன் என்று அவன் சொன்னான். டியில் முடித்தால் நான் வரமாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

மூன்று நாளாக நாங்கள் தொலைபேசியில் "கீ, கீ" என்று கத்துவதைக் கேட்ட என் மனைவி, வாத்தியப் பெட்டியின் திறப்புத் தொலைந்துவிட்டது என்று நினைத்து நானாவுக்குச் சொல்லிவிட்டாள். போகாவிட்டால் அவர் கோபிப்பார். போனோம்.

"எந்தப் பூட்டு?" என்றார் நானா.

"பூட்டில்லை நானா, பாட்டு" என்றான் செல்வன்.

வேறு யாராவது என்றால் துரத்தியிருப்பார்கள். நானா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கண்கள் மின்ன, "எப்பிடித் தொலஞ்ச?" என்று கேட்டார்.

சொன்னோம். பாட்டு டியில் தொடங்குகிறது, ஆகவே டி என்பது செல்வனின் கட்சி. பாட்டில் வரும் டி, சி, ஜி மூன்றும் ஒரே வீட்டில் இருப்பது ஜியின் குடும்பத்தில்தான், ஆகவே ஜி என்பது என் கட்சி. செல்வன் மேசையில் குத்தி "டி, டி" என்று கத்தியதில் பக்கத்துக் கடையில் இருந்து இரண்டு தேநீர் வந்து சேர்ந்தது.

கடை வாசலில் சல்லி என்ற ஊரில் இருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் நின்றார். மோட்டார் சைக்கிளின் மீன் பெட்டி பூட்டியிருந்தது, திறப்பைக் காணவில்லை, உள்ளே ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நானா பாட்டைப் போனில் முழுச் சத்தத்தில் போட்டார்.

"பாட்டக் கேக்க வேணாம், தம்பிமார். இவர்ர மொகத்தப் பாருங்க."

அவர் டக்கென்று நிறுத்திய இடத்தில் இருந்தது சி. போனில் சார்ஜ் முடிந்துவிட்டதா என்று மீன்காரர் கேட்டார். மறுபடி போட்டு நிறுத்தியபோது ஜி. மீன்காரர் நீட்டிய கழுத்தை உள்ளே இழுக்கவில்லை. மிச்சம் எங்கே என்றார். இன்னொரு இடத்து ஜி வந்ததும், அங்கேயும் நிறுத்திப் பார்க்கச் சொல்லி நான் கை காட்டிக் கெஞ்சினேன். அங்கேயும் அதே கழுத்து. பிறகு அவர் நிறுத்திய இடம் டி. மீன்காரர் பெருமூச்சு விட்டுச் சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

"சரி, பாட்டு முடிஞ்சுது தானே. இனி என்ர திறப்பைத் தாங்கோ."

"இது என்ன எழுத்து?" என்று நானா என்னைப் பார்த்துக் கேட்டார். அவருக்குச் சங்கீதம் ஒரு எழுத்தும் தெரியாது. "டி" என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. செல்வன் ஓடிப்போய் மீன்காரரைக் கட்டிப்பிடித்தான். அன்று முழுக்க அவன் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை.

சனிக்கிழமை டியில் அடித்து நிறுத்தினோம். யாரும் அழைக்காமலே வந்திருந்த நானா, வெள்ளைச் சாரத்தோடு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சாப்பிட வந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் வெடித்தது. அவர் திரும்பி, திறப்பைத் திருகுவது போல விரல்களைத் திருகிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது எல்லாச் சனிக்கிழமையும் எங்களுடையது. கீ கண்டுபிடிக்க எங்களுக்கு ஒருவருடைய உதவியும் தேவையில்லை; சண்டையும் வருவதில்லை. ஆனாலும் கிழமைக்கு ஒரு சண்டையை வழியிலேயே பேசித் தயார் செய்துகொண்டு, முகத்தை உர்ரென்று வைத்தபடி நானும் செல்வனும் அந்தக் கடைக்குப் போகிறோம். நானா இயந்திரத்தை நிறுத்துவார், வாசலில் நிற்கும் அப்பாவி ஒருவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் இருவரும் பார்ப்பது நானாவின் முகத்தைத்தான்.