வெளிச்சம் தின்னும் குழாய்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யில்லை. பொய்யென்றால் நாளைக் காலை பாலத்தின் இரும்புக் கைப்பிடியில் என் நாக்கு ஒட்டிக்கொள்ளட்டும்; நீங்களே வெந்நீர் ஊற்றிப் பிய்த்தெடுங்கள்.

சுருயி கிராமத்துக் குளிரில் அது லேசான ஆணை இல்லை. விடியலில் ஆற்றுப் பாலத்தில் நின்று கொக்குகளைப் படமெடுக்கும் எங்கள் கிழவர் கூட்டத்தில் போன வருடம் ஒருத்தர் வேகமாகத் தலையாட்டியதில், உறைந்திருந்த மீசையில் பாதி ஒடிந்து ஆற்றில் விழுந்தது. அதையும் நம்புங்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் நுகாதா கெங்கோ. பால்பண்ணை மாடுகளை விற்றுவிட்டுக் கேமராவைத் தூக்கியவர். ஆயுசு பூராவும் மாட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாயிற்று, மிச்ச நாளுக்குக் கொக்கின் முன்பக்கத்தைப் பார்க்கிறேன் என்பார்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்குக் கொக்கு மங்கலாகத் தெரிந்தது. சாலை மங்கலாகத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்து சாப்பிடும் மனைவி மிட்சுயே மங்கலாகத் தெரிந்தாள். அதைப் பற்றி மட்டும் அவருக்குப் புகார் இல்லை. ஆனால் கண் என்று வாயைத் திறந்தால் கார் சாவி போய்விடும். சாவி போனால் பாலம் போய்விடும். பாலம் போனால் வீட்டில் உட்கார்ந்து சாக வேண்டியதுதான் என்பது அவர் கணக்கு.

மிட்சுயேயின் கணக்கு வேறு. இலையுதிர்காலத்தில் கெங்கோவின் அண்ணன், 'எனக்கென்ன, கண் நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்லித் திரிந்தவர், வளைவில் திரும்பாமல் நேரே ஆற்றுக்குள் காரை விட்டார். பக்கத்தில் அண்ணி. இருவரும் பிழைக்கவில்லை. காரைத் தூக்கியபோது அண்ணியின் மடியில் முட்டைப் பெட்டி இருந்தது. ஒரு முட்டைகூட உடையவில்லை. அதை வீட்டுக்கு எடுத்து வந்தவள் மிட்சுயே. அதன்பின் கணவர் காரில் ஏறினால் அவள் மடியில் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

கெங்கோ கண்ணின் பெயரைக் காப்பாற்ற ஒரு டெலிகன்வர்ட்டர் வாங்கினார். கேமராவுக்கும் ஜூம் லென்ஸுக்கும் நடுவே மாட்டுகிற குட்டைக் குழாய். கொக்கை இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கூலியாக வெளிச்சத்தில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளும். பழியைப் போட இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா?

அன்று மாலை படங்களை டிவியில் போட்டார்.

"பாரு, ஒரே இருட்டு. இந்தக் கன்வர்ட்டர் வெளிச்சத்தைத் தின்னுருது."

மிட்சுயே பார்த்தாள். கொக்கின் அலகிலிருந்து கிளம்பிய மூச்சு ஆவிகூட இழை இழையாகத் தெரிந்தது.

மறுநாள் கடையிலிருந்து திரும்பும்போது கார் ஓரத்துப் பனிமேட்டில் ஏறி நின்றது. ஒரு பக்கச் சக்கரம் காற்றில் சுற்றியது.

"ஏங்க, கார்லயும் அந்தக் குழாய மாட்டிட்டீங்களா?"

கெங்கோவுக்குச் சுருக்கென்றது. இழுத்துவிட வந்தவர் ஒபாத்தா, பாலத்துக் கூட்டாளி, பழைய தபால்காரர். அவர் முன்னால் மானம் போனதில் கெங்கோ பெரிய சபதமாகப் போட்டார்.

"கண்ணு இல்ல, கன்வர்ட்டர்தான். கண்ணுதான்னு நீ காட்டிட்டா இந்தச் சாவிய நானே உன் கையில குடுக்கறேன்."

"சரிங்க," என்று குனிந்து வணங்கினாள் மிட்சுயே. "ஒபாத்தா சான், நீங்களும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

அத்தோடு அடங்கிவிட்டாள். அதுமட்டுமா, பழைய பஞ்சுச் சட்டையை வெட்டி, லென்ஸ் குளிராமல் இருக்க கழுத்து முதல் அடி வரை மூடுகிற கோட்டு ஒன்று தைத்துப் பித்தானும் போட்டுக் கொடுத்தாள். மனைவி வழிக்கு வந்துவிட்டாள் என்று கெங்கோ பாலம் முழுக்கச் சொன்னார்.

அந்த வாரம் அவருக்கு ஒரு புதுக் குறை. கொக்குகளுக்கு என்ன கோபமோ, தள்ளித் தள்ளிப் போய் நிற்கின்றன என்றார். ஒபாத்தா எட்டிப் பார்த்தார். ஆற்றில் அதே மணல்திட்டு, அதே கொக்கு.

மாலையில் டிவியில் பழைய பாட்டுத்தான்.

"பாரு, இன்னிக்கும் தின்னுருச்சு."

"ஆமாங்க. பாவம், அதுக்கு என்ன பசியோ."

ஞாயிற்றுக்கிழமை ஒபாத்தாவைச் சாப்பிட அழைத்திருந்தாள். சால்மன் கொதிக்கும் சட்டியை நடுவில் வைத்துவிட்டு அரிசிப் பெட்டியைத் திறந்தாள். கையை முழங்கை வரை விட்டுத் துழாவி எதையோ எடுத்து ஊதினாள். கெங்கோவின் கிண்ணத்துப் பக்கத்தில் வைத்தாள்.

கன்வர்ட்டர்.

"கோட்டு தைச்ச அன்னிக்கே கழட்டிட்டேன். அரிசிக்குள்ள ஈரம் ஏறாதுல்ல. ஒரு வாரமா அது தின்னதெல்லாம் என் அரிசியத்தான்."

ஒபாத்தா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கெங்கோ குழாயைக் கையில் எடுத்து உருட்டினார். வெகுநேரம் உருட்டினார். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து வைத்தார்.

"சரி, யாரு ஓட்டுவா?" அதுதான் அவரிடம் மிச்சமிருந்த ஒரே கேள்வி.

மிட்சுயே தன் லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். ஒரு குற்றமும் செய்யாதவர்களுக்குத் தருகிற தங்கக் கோடு போட்டது. ஓட்டினால்தானே குற்றம். கெங்கோ சிரிக்கப் பார்த்தார்.

"மத்தியானம் நீங்க தூங்குறப்ப கொட்டகையச் சுத்திச் சுத்தி ஓட்டிப் பழகிட்டேங்க. பெட்ரோல் எங்க போகுதுன்னு கேட்டீங்களே."

குஷிரோ நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. வலது கண்ணை ஆபரேஷனில் மீட்கலாம். இடது கண்ணில் போனது போனதுதான்; இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார்.

திரும்பும் வழியில் கடைக்குப் போனார்கள். பிறகு அவள் பாலத்தில் காரை நிறுத்தினாள். கெங்கோ லென்ஸ் கோட்டின் பித்தானைக் கழற்றி, கன்வர்ட்டரைத் தானே மாட்டிப் பார்த்தார். கொக்கு கிட்டே வந்தது, இருட்டாக. இந்த முறை யாரையும் குறை சொல்லவில்லை.

பழக்கத்தில் போய் வலது பக்கக் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கே மிட்சுயே உட்கார்ந்திருந்தாள். சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினார். அவர் மடியில் அவள் முட்டைப் பெட்டியை வைத்தாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் மிட்சுயே காதில் போட்டுவிடாதீர்கள். பாலத்துக்குப் போக இப்போது எனக்கும் அவள் கார்தான். என் சாவி என் வீட்டு அரிசிப் பெட்டியில் கிடக்கிறது.