மார்சேல்ஸ் பயணமும் நாலு மூலைப் பல்லியும்

இருபத்திரண்டு வருஷமா என் பொண்டாட்டி செங்கமலம் என்னை எங்கயும் லேசுல விட்டதில்லை. அன்னவாசல் சந்தைக்குப் போறேன்னாக்கூட "எதுக்கு?"ம்பா. எதுக்குன்னு சொன்னா, "அதுக்கு எதுக்கு?"ம்பா. அப்படிப்பட்டவ முன்னாடி, ஒரு மார்கழி வெள்ளிக்கிழமை காலையில, நான் பெரிய வைராக்கியத்தோட போய் நின்னேன். என்ன வைராக்கியம்? இன்னைக்கு இவ என்னைத் தடுத்தே ஆகணும்!

காரணத்தைச் சொல்லிடுறேன். எனக்கு வேலை புதுக்கோட்டை டவுன்ல ஒரு கடலை மண்டியில. கீரமங்கலம் பக்கம் வெளையிற நெலக்கடலை எங்க மண்டிக்கு வந்து, பாண்டிச்சேரி போய், அங்கேர்ந்து கப்பலேறி, பிரான்சு தேசத்து மார்சேல்ஸ் பட்டணத்துல எறங்குது. அங்க அதை ஆட்டி, எண்ணெயெடுத்து, சோப்புப் போடுறாங்களாம். கடலை போனா போதாதா? எங்க முதலாளி சோலையப்பனுக்கு, நாமளே நேர்ல போய் வித்தா என்னன்னு ஆசை வந்திருச்சு.

அது அவர் ஆசை. என் வாய் சும்மா இருந்திருக்கணும்ல? யாரைப் பாத்தாலும் அவங்களை மாதிரிப் பேசிக் காட்டுறது எனக்குப் பொறந்ததுலேர்ந்து உள்ள வியாதி. பாண்டிச்சேரியிலேர்ந்து கடலை பாக்க வந்த துரை வண்டியேறிப் போனதும், தொந்தியை முன்னால தள்ளிக்கிட்டு, மூக்காலயே ஆரம்பிச்சேன். "மொஸ்யே! போன்ழூர்! முழுங்லூ பம்பம் கொங்கொங்!" மூட்டை தூக்குறவங்க மூட்டையை எறக்கி வச்சிட்டுச் சிரிச்சாங்க. திடீர்னு சிரிப்பு நின்னுபோச்சு. திரும்பிப் பாத்தா முதலாளி.

"அடைக்கலம், ஒனக்குப் பிரெஞ்சு வருமா?"

வராதுன்னு சொல்லியிருக்கணும். பதினஞ்சு பேரு பாத்துக்கிட்டு நிக்கிறான். "ஏதோ... கொஞ்சம்ங்க"ன்னுட்டேன்.

"அப்ப நீயும் கெளம்பு. மாசி பொறந்ததும் கொழும்புல கப்பல். நீ பேசு, நான் விக்கிறேன்!"

வெள்ளாத்துல முழங்கால் தண்ணிக்கே வண்டிக்குள்ள கண்ணை மூடிக்கிட்டு ஒக்கார்ற ஆளு நான். சரி, மார்சேல்ஸ் போய்ச் சேந்துட்டேன்னே வச்சுக்குவோம். என் பிரெஞ்சைப் பேசினா அஞ்சாவது நிமிஷம் முதலாளிக்கு உண்மை தெரியும். ஆறாவது நிமிஷம் வேலை போயிரும். நடந்து வந்துரலாம்னு பாத்தா நடுவுல கடல்!

கௌரவமாத் தப்பிக்க ஒரே வழிதான் இருந்துச்சு. "வீட்டுல விடமாட்டேங்கிறாங்க, முதலாளி." அவரும் பொண்டாட்டிக்குப் பயந்தவரு. மறுபேச்சுப் பேசமாட்டாரு.

"செங்கமலம், நான் மார்சேல்ஸ் போறேன்."

"அது எங்கிட்டு இருக்கு?"

"கடல் தாண்டி. பதினெட்டு நாள் கப்பல்லயே போகணும்."

"எப்பங்க கெளம்புறீங்க?"

வீடு மாறி வந்துட்டமோன்னு ஒரு நிமிஷம் சந்தேகமாயிருச்சு.

"ஏய், கப்பலு! முழுகினாலும் முழுகும்!"

"கடலை மூட்டை இருக்கும்ல. ஒண்ணைக் கட்டிப் புடிச்சுக்கங்க."

"அங்க அடிக்கிற குளிர்ல எலும்பு வெறைச்சுப் போகுமாம்!"

"கம்பளி இருக்கு. ரெண்டே ஓட்டைதான்."

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "அந்த ஊர்ப் பொம்பளைங்க ஆம்பளையைப் பாத்தா, கன்னத்துல முத்தம் குடுத்துட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாங்களாம்!"

"யாருக்கு? ஒங்களுக்கா?"

சிரிக்க ஆரம்பிச்சா. கொழம்பு அடிப்புடிச்சுது. அப்பவும் சிரிச்சா.

மத்தியானத்துக்குள்ள நாங்க குடியிருக்கிற திருக்கோகர்ணம் பூரா சேதி பரவிருச்சு. பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் வந்து, "அண்ணே, வாரப்ப எனக்கு ஒரு சோப்பு வாங்கியாங்க. நம்ம ஊருக் கடலையில செஞ்சதாப் பாத்து!"ன்னு சொல்லிட்டுப் போனா.

பேச்சுக்கு மசியாதவ ஒண்ணே ஒண்ணுக்கு மசிவா. பல்லிக்கு! சொந்தத் தம்பி கல்யாணத்துக்குக் கெளம்பி, பல்லி கெட்ட வாக்குச் சொல்லிருச்சுன்னு வாசப்படியிலேர்ந்து திரும்பினவ அவ. தாலி கட்டினப்பறம்தான் போய்ச் சேந்தா. எந்தத் திசையில சொன்னா என்ன பலன்னு அவளுக்கு மனப்பாடம். எனக்குத் தெரியாது. தெரியாட்டி என்ன? வீட்டுக்கு நாலு மூலை. ஒரு மூலையாவது ஆகாத மூலையா இருக்காதா? பல்லிக் குரல் எனக்குத் தண்ணி பட்ட பாடு. நெசப் பல்லியே எனக்குப் பதில் சொல்லியிருக்கு.

மறுநாள் சனிக்கிழமை காலையில, மண்டிக்குப் போறேன்னு கொல்லைப்பக்கம் போய், நெல்லுக் குதிருக்குப் பின்னாடி நுழைஞ்சேன். ஒக்கார எடமில்லை. பழைய கோணி, ஒடைஞ்ச மொறம் எல்லாத்தையும் வெளியில தள்ளிட்டுக் குந்தினேன்.

"ச்சு ச்சு ச்சு ச்சு!"

செங்கமலம் வெரலால தரையைத் தட்டினா. "தென்கிழக்கு. போற காரியம் ஜெயம்!"

ஞாயித்துக்கிழமை அடுத்த மூலை. பானை அடுக்கை நகத்திட்டுக் குந்தினேன். "வடகிழக்கு. போற எடத்துல ராஜ மரியாதை!"

திங்கக்கிழமை வெறகு கெடக்குற மூலை. வெறகை எல்லாம் எடுத்து அடுக்கினாத்தான் உள்ள போகமுடியும். அடுக்கினேன். "ச்சு ச்சு..." பாழாப்போன தூசி! "அச்சு!"

கண்ணாத்தாள் அங்கதான் நின்னுருக்கா. "என்ன மதினி, பல்லி தும்முது?"

"மார்சேல்ஸ் குளிரு இங்க வரைக்கும் அடிக்குது போல. வடமேற்கு. விருந்துச் சாப்பாடு!"

பாக்கி ஒரே மூலை. தென்மேற்கு, கன்னி மூலை. அங்க மாமனார் சீதனமாக் குடுத்த மரப்பெட்டி கெடக்கு. கல்யாணத்தன்னைக்கு நாலு பேரு தூக்கிட்டு வந்து வச்சது, அப்பறம் அசையல. செவ்வாக்கிழமை காலையில நான் ஒத்தை ஆளா அதை நகத்தினேன். இடுப்புல "களுக்"குன்னுச்சு. மூச்சு வாங்க, "ச்சு... ச்சு..."

"அய்யய்யோ!" செங்கமலம் அலறினா. "கன்னி மூலை! கடல் பயணம் ஆகவே ஆகாது! ஏங்க, எங்க இருக்கீங்க? நீங்க போகக்கூடாதுங்க!"

கொல்லைப்பக்கமா ஓடிச் சுத்தி, வாசல் வழியா உள்ள வந்தேன். "என்னது! போகக்கூடாதா? ஐயோ, என் மார்சேல்ஸ்!" மார்ல அடிச்சுக்கிட்டேன். கண்ணீர்கூட வந்துச்சு. கொஞ்சம் சந்தோஷத்துல, மிச்சம் இடுப்பு வலியில.

அடுத்த நிமிஷம் மண்டிக்கு ஓட்டம். "முதலாளி! வீட்டுல விடமாட்டேங்கிறாங்க!"

முதலாளி தலையைத் தூக்கக்கூட இல்லை. "அதான் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒம் பொண்டாட்டி எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போயிருச்சே!"

"எ... என்னன்னு?"

"'மூட்டை தூக்குறவங்க சேதி சொன்னாங்க. அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. துரை மாதிரி சத்தம் மட்டும் போடுவாரு. வேலையை விட்டு நிப்பாட்டிராதீங்க. அவரா வந்து சொல்றவரைக்கும் ஒண்ணும் கேக்காதீங்க, பாவம், கூச்சப்படுவாரு'ன்னுச்சு. நான் காரைக்கால்ல வேற ஆள் புடிச்சிட்டேன். நீ போய் மூட்டையைப் பாரு." ரெண்டு எட்டு வச்சதும் கூப்பிட்டாரு. "அடைக்கலம், அந்தத் துரை மாதிரி இன்னொரு தரம் பேசிக் காட்டு!"

வேலை இருக்கு. கடல் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு நான் நடந்து வரலை, மெதந்து வந்தேன்.

"ஏண்டி, எல்லாம் தெரிஞ்சு, வெள்ளிக்கிழமையே போய்ச் சொல்லிட்டியாமே? அப்பறம் எதுக்கு நாலு நாளா என்னைப் பல்லியா அலைய விட்ட?"

"பின்ன? பொங்கல் வருது, நாலு மூலையையும் ஒழிச்சுக் குடுங்கன்னு வருஷா வருஷம் கெஞ்சுறேன். ஒரு மொறத்தை நகத்தியிருப்பீங்களா?" வீடு பளபளன்னு இருந்துச்சு. வெளக்கமாத்தை ஓரமாச் சாத்திட்டு, இடுப்புல கையை வச்சுக்கிட்டு, மேல அண்ணாந்து பாத்தா.

"பரண் ஒண்ணுதாங்க பாக்கி. ரங்கூனுக்கு எப்ப கெளம்புறீங்க?"