கைக்குட்டை சாரும் முட்டை வாடை டாக்ஸியும்

வண்டியின் புகைக்குழாய்க்கு முன்னால் மண்டியிட்டு, அது மூச்சு விடுவதை ரசித்துப் பார்க்கும் மனிதர் இந்தத் திருச்சியிலேயே ஒருவர்தான். தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் ஒர்க் ஷாப்பின் சீனியர் இன்ஜினியர். அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு அவர் கைக்குட்டை சார்.

அவரிடம் மூன்று கைக்குட்டைகள். மூக்குக்கு ஒன்று, கைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. வண்டிக்கானதைப் புகைக்குழாய் வாயில் பிடிப்பார். படபடத்தால் வண்டிக்கு ஆயுசு கெட்டி. சில நாள் அவசரத்தில் கைக்குட்டை மாறிவிடும். அன்று முழுவதும் கரி மீசையோடு வாடிக்கையாளர்களிடம் பேசுவார். நாங்கள் யாரும் சிரிக்க மாட்டோம், அவ்வளவு மரியாதை.

போன மாதம் டாக்ஸி ஓட்டும் பாய் ஒருவர் வந்தார். கதவைத் திறந்ததும் ரோஜா அத்தர் மணமும் அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்தே இறங்கின.

"சார், ஸ்ரீரங்கத்து மாமாவும் மாமியும் தினம் கோயிலுக்கு நம்ம வண்டியிலதான் போவாங்க. நேத்து மாமி, 'பெருமாளைச் சேவிக்கப் போற வண்டில முட்டை வாடை வரதே'ன்னு பாதியிலயே இறங்கிட்டாங்க. அல்லா மேல சத்தியமா நான் முட்டை ஏத்தினதே இல்ல! அத்தர் ஊத்தினேன், இன்னும் மோசமாயிடுச்சு. இப்படியே இருந்தா வேற வண்டி பாத்துக்குவாங்களாம்."

"பாலம் ஏறுதா பாய்?"

"எங்க சார்! காவிரிப் பாலத்துல பின்னாடி வர்ற டவுன் பஸ் ஹாரன் அடிச்சே மானத்தை வாங்குது."

சார் மண்டியிட்டார். நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் கத்தியது, கைக்குட்டை சும்மா தொங்கியது.

"மேடம், இவனுக்கு மூச்சு முட்டுது. ஆனா என் கைக்குட்டை சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க. உங்க கேஜைப் போடுங்க" என்றார் என்னிடம்.

புகைக்குழாயின் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜைப் பொருத்தினேன். முள் எகிறியது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் அடைத்துக் கிடந்தது.

"மாத்திடலாமா சார்?"

"அடைச்சவனைப் பிடிக்காம மாத்தினா புதுசும் அடைச்சுக்கும்."

பிடித்தோம். தேய்ந்துபோன ஒரு ஸ்பார்க் பிளக், எரியாத பெட்ரோலைக் கன்வெர்ட்டருக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. முட்டை வாடையும் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. இரண்டையும் மாற்றினோம்.

மறுநாள் பாய் திரும்பி வந்தார். "மாமி ஏறினாங்க சார். மோந்து பாத்தாங்க. 'இப்ப அத்தர் மட்டும்தான் வரது, பேஷ்'னு சொல்லிட்டாங்க" என்றவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

சார் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். எது வரப்போகிறதோ என்று எனக்கு உதறல்.

வந்தது, வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாத ஒன்று. அதுவரை நான் பார்த்தேயிராத நான்காவது.

மூக்குக்கு ஒன்று, கைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, அடுத்தவர் கண்ணுக்கு ஒன்று.