ஜெரிகோவை நான் விரட்டவில்லை

பிளம் ரிவர், டென்னசி
செவ்வாய்க்கிழமை

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனன் ராய்ஸுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் டெல்மர் பிக்கன்ஸ் எழுதிக்கொள்வது. அரிசோனா வெயிலில் நீயும் வில்மாவும் பிள்ளைகளும் வாடாமல் வதங்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்கால் பரவாயில்லை. உன் அக்கா நடீனுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. நாய் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறது. இவற்றைத் தவிர இந்த ஊரில் நல்லது என்று எழுத ஒன்றும் மிச்சமில்லை என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை ஃபுட்பாலில் நம் காலேஜ் டீம் மரங்கொத்திகள் தோற்றார்கள். நீ டிவியில் பார்த்திருப்பாய். ஆனால் டிவியில் பார்ப்பது வேறு, நம் சொந்த மைதானத்தில், அந்தக் குளிர்ந்த பெஞ்சில் உட்கார்ந்து, போயும் போயும் காப்பர் ரிட்ஜ் காலேஜ் முள்ளம்பன்றிகளிடம் தோற்பதை நேரில் பார்ப்பது வேறு. கடைசி நிமிஷம், கடைசி வாய்ப்பு, ஜெயிக்கத் தாண்ட வேண்டிய கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே ஒரு முழம். ஒரே ஒரு முழம், ராய்ஸ்! நம்மிடம் தடியன் பூன் இருக்கிறான். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவன் தும்மினாலே ஒரு முழம் முன்னால் போய் விழுவான். கோச் வாம்பிள் என்ன செய்தார்? அவனை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, பந்தைப் பின்னால் வீச வைத்தார். வாங்கியவன் பக்கத்தில் வீச, அவன் இன்னொருத்தனுக்கு வீச, அழுகிற கைக்குழந்தையை ஆளுக்கு ஆள் மாற்றிவிடுவது மாதிரி மாற்றிவிட்டு, கடைசியில் அது ஒரு முள்ளம்பன்றியின் மார்பில் போய்ச் சாய்ந்தது. அவன் அதை அணைத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடி வரை ஓடினான். துரத்த ஆளில்லை. நம் பையன்கள் பந்து யாரிடம் இருக்கிறது என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போதே வண்டிக்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது. உன் அக்காவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “மைதானத்துல கோச் என்ன பண்ணுவாரு பாவம்?” என்றாள். “ஒரு முழம் முட்டித் தள்ள முன்வரிசையில ஆளு வேணாமா? நிக்கிற அஞ்சு பேரும் துடைப்பக்குச்சி மாதிரி நிக்கிறானுங்க. நல்ல பசங்களை ஸ்கூல்லயே பார்த்து வளைச்சுப் போட அவருக்குத் தெரியல. ஆள்சேர்ப்புதான் கோளாறு.” நான் சொன்னேன்: “ஆளெல்லாம் இருக்கு நடீன், அவங்களை ஆட்டி வைக்கிறவர் மண்டையிலதான் ஒண்ணும் இல்ல.” இந்த ஊரே இப்படித்தான் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, ஆள்சேர்ப்புக் கட்சி ஒன்று, பயிற்சிக் கட்சி ஒன்று. ஒரே கூரையின் கீழே இரண்டு கட்சியும் குடியிருக்கும் வீடு எங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் ரேடியோவில் ஸ்கீட்டர் நடத்தும் ‘விசிலுக்குப் பிறகு’ நிகழ்ச்சி. விசிறிகள் போன் போட்டுக் குமுறலாம். நான் கார் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைக் கொஞ்சம் கனமாக்கி, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹாங்க் பேசுகிறேன் என்று சொல்லி, என் கருத்துகளை மிகவும் நாகரிகமாக எடுத்து வைத்தேன். ஸ்கீட்டர்கூட “ஹாங்க் அண்ணே, பிரமாதமா சொன்னீங்க!” என்றான். போனை வைத்தேன், ரேடியோவில் அடுத்த ஆள் பேசினாள். “ஸ்கீட்டர், இப்ப பேசின ஹாங்க் எந்த மலைக்கு அந்தப் பக்கமும் இல்ல. எங்க வீட்டு கார் ஷெட்டுலதான் நிக்கிறாரு. குப்பைத்தொட்டியை வாசல்ல எடுத்து வைக்கவே நான் நாலு தடவை கத்தணும், இவரு காலேஜ் டீமை நடத்தப் போறாராம்!” உன் அக்கா சமையலறையிலிருந்து பேசியிருக்கிறாள், ராய்ஸ். சட்டியில் வெங்காயம் வதங்கும் சத்தம்கூட ரேடியோவில் கேட்டது. இதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது அடுத்த நாள் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்கு முன், வழக்கம்போல மேவிஸ் கடைக்குக் காபி குடிக்கப் போனேன். என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வெளியூர்க்காரர் ஒருவர், நல்ல கோட்டு, பளபளக்கும் ஷூ, மரியாதையான முகம், பக்கத்தில் அவர் மனைவி. இருவரும் பிஸ்கட் ரொட்டியும் கிரேவிக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார் என்பதை நீ தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். “நேத்து ஆட்டம் பார்த்தீங்களா சார்? கடைசியில அது என்ன ஆட்டம்னே புரியல” என்றார். புரியவில்லை என்று ஒரு மனிதர் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது கிறிஸ்தவனுக்கு அழகா? உப்பு டப்பா, மிளகு டப்பா, ஜாம் பொட்டலங்களை முன்வரிசையாக அடுக்கினேன். கெச்சப் பாட்டிலைப் பூனாக நிறுத்தினேன். கோச்சுக்கு என்ன வைப்பதென்று யோசித்து, காலியான கிரீம் டப்பா ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். மேவிஸ் காபி ஊற்ற வந்தவள், “ராசா, காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா?” என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் கண்ணைக் காட்டினாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

“அப்போ, முன்வரிசைக்கு நல்ல பையனா ஒருத்தன் வந்து சேர்ந்தா சரியாயிடும்ங்கிறீங்களா?” என்று அவர் கேட்டார்.

“வந்தா அவன் பாவம் சார். அவனைப் பெத்தவங்க அதைவிடப் பாவம். இந்த வாம்பிள்கிட்ட நான் என் நாயைக்கூட ஒரு மத்தியானம் விட்டுட்டுப் போக மாட்டேன்.”

அந்த அம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “அவ்வளவு மோசமா? பசங்களைப் போட்டு அடிச்சு வேலை வாங்குவாரோ?”

“அப்படி வாங்கினாத்தான் ஜெயிச்சிருப்போமேம்மா! போன வருஷம் பூனுக்குத் தோள்பட்டை லேசா விலகிடுச்சு. டாக்டரே ஆடலாம்னு சொல்லிட்டாரு. இந்த மனுஷன், வலி முழுசா போகணும்னு சொல்லி அவனை உட்கார வெச்சு, கையில இருந்த ஆட்டத்தைத் தோத்துத் தொலைச்சாரு. ஊரே திட்டினோம், அசையலையே! இன்னொரு பையனுக்குக் கணக்குல மார்க் குறைஞ்சிடுச்சாம், பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள் அவனை நூலகத்துக்கு அனுப்பி வெச்சாரு. நூலகத்துக்கு! இந்த ஆளை வெச்சுக்கிட்டு நாங்க என்னம்மா பண்றது?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சொன்னது அவர்கள் மனதில் நன்றாகத் தைத்துவிட்டது என்று எனக்கு ரொம்பத் திருப்தி. அந்த நேரம் பார்த்து கடைக்குள் வெளிச்சம் குறைந்தது. மேகம் மூடியதோ என்று திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒரு பையன். பையன் என்று வழக்கத்துக்காகச் சொல்கிறேன். தானியக் கிடங்குக்குச் சட்டை போட்டுவிட்டது மாதிரி இருந்தான். தலையைக் குனிந்து, தோளைச் சாய்த்து, தவணைமுறையில் உள்ளே வந்தான். “அப்பா, கோச் வெளியில கார்ல வெயிட் பண்றாரு. போலாமா?” என்றான், அவ்வளவு மெல்லிய குரலில்.

அந்தப் பெரிய மனிதர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ரொம்ப நன்றி சார். என் பேர் லெமுவல் ஹேர்ஸ்டன். இவன் எங்க பையன் ஜெரிகோ. எத்தனையோ காலேஜுக்குப் போயிட்டோம், இப்படி உள்ளதை உள்ளபடி எங்ககிட்ட யாரும் பேசினதில்ல.” ஜெரிகோ ஹேர்ஸ்டன்! அலபாமாவிலேயே பெரிய பையன்! முன்வரிசைக்காக எல்லாக் காலேஜும் வாசலில் தவம் கிடக்கிற பையன்! நம் காலேஜில் சேரலாமா என்று பார்க்க வந்திருக்கிறான், நான் அவனைப் பெற்றவர்களுக்குக் கெச்சப் பாட்டிலை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஜன்னல் வழியே பார்த்தேன். காரில் உட்கார்ந்திருந்த கோச் வாம்பிள் என்னையும் கவிழ்ந்து கிடந்த கிரீம் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த அரை மணி நேரத்துக்குள் ஹேர்ஸ்டன் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பி, நேராகக் காப்பர் ரிட்ஜுக்குப் போய்விட்டது.

நான் தேவாலயத்துக்குப் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. போதகர் டீக், ஜெபத்தின் நடுவே, “சபையில் சிலருக்கு நாவடக்கம் அருளும் ஆண்டவரே” என்று ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். முடிந்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார். “டெல்மர், வேதத்துல, அந்தப் பையன் பேர் கொண்ட எரிகோ ஊர் மதிலை விழ வைக்க ஒரு ஜனக்கூட்டமே நாள் கணக்கா சுத்திச் சுத்தி வந்து கத்த வேண்டியிருந்துச்சு. நீங்க ஒத்தை ஆளா உட்கார்ந்த இடத்துல முடிச்சிட்டீங்களே!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாடகர் குழுவிலிருந்து இறங்கி வந்த உன் அக்கா சிரிக்கவில்லை. “ஆள் சேர்க்கத் தெரியலன்னு நான் கோச்சைத் திட்டினேன், கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்” என்றாள். “சேர வந்தவனை விரட்டுறதுக்கு என் வீட்டுலயே ஒருத்தர் இருக்காருன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!”

நேற்றிலிருந்து நிலைமை என்ன தெரியுமா? ஆள்சேர்ப்புக் கட்சியும் பயிற்சிக் கட்சியும் சமாதானமாகிவிட்டன. இத்தனை வருஷமாக ஒன்று சேராதவர்கள் என்னைத் திட்டுவதற்காக ஒன்று சேர்ந்துவிட்டார்கள். ஸ்கீட்டர் ரேடியோவில் ‘போக வேண்டியது கோச்சா, டெல்மரா?’ என்று வாக்கெடுப்பே நடத்தினான். நான்தான் போக வேண்டுமாம், அமோக வெற்றி. மேவிஸ் என் ஸ்டூலைக் கழிப்பறைப் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, “அங்க உட்கார்ந்தா பேச ஆள் வராது ராசா” என்கிறாள். நான் கேட்கிறேன், ராய்ஸ், நீயே நியாயம் சொல்: அவர்தான் ஜெரிகோவின் அப்பா என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருந்ததா? பொன்னான பையனைப் பெற்றவர்களை, தோற்ற மறுநாள் காலையில், துணைக்கு ஒருத்தனை அனுப்பாமல், இந்த ஊர்க்காரர்கள் நடுவே தனியாக நாஷ்டா சாப்பிட விடுவானா புத்தியுள்ள கோச்? இது ஆள்சேர்ப்புக் கோளாறு இல்லையா? பயிற்சிக் கோளாறும்கூட இல்லையா? இரண்டு கட்சியும் சொன்ன அத்தனை குற்றமும் ஒரே காலையில் நிரூபணமாகியிருக்கிறது, ஆனால் பழி மட்டும் என் தலையில்!

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஃபுட்பாலுக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை. வாசலில் பறந்த கொடியை இறக்கிவிட்டேன். மரங்கொத்தித் தொப்பியை நாய்க்குப் போட்டேன், அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது, அதற்குக்கூட வாம்பிள் மேல் கோபம் என்று நினைக்கிறேன். மைதானத்தில் எங்கள் இரண்டு சீட்டையும் போதகரின் இளைஞர் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன். இந்தப் பருவம் முடியும் வரை நான் உன் வீட்டில் வந்து தங்கலாமா? உன் அக்காவிடம் சொன்னேன். “தாராளமா போயிட்டு வாங்க, பிக்கப் வண்டியை மட்டும் விட்டுட்டுப் போங்க” என்றாள். முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு புருஷனைச் சகித்தவள் பேசுகிற பேச்சா இது? வாம்பிள் என்கிற பெயரை என் காதில் போடாத ஒரு அறை போதும் எனக்கு, ஜன்னல்கூட வேண்டாம்.

வில்மாவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டு வாசலையும் உங்கள் நாவையும் சேர்த்தே காக்கட்டும்.

நியாயம் கிடைக்காத உன் அத்தான்,
டெல்மர் பிக்கன்ஸ்

பின்குறிப்பு: புதன்கிழமை காலை. அறையெல்லாம் ஒழிக்க வேண்டாம், நான் வரவில்லை. ஜெரிகோ நம் காலேஜுக்கே வருகிறான்! நேற்று இரவே அறிவித்துவிட்டான். அவன் அம்மா பத்திரிகைக்காரனிடம் சொல்லியிருக்கிறாள்: “போன இடத்துலெல்லாம் ‘எங்க கோச் கடவுள் மாதிரி’ன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. பிளம் ரிவர்ல மட்டும் ஒரு பெரியவர் மனசாரத் திட்டினாரு. அடிபட்ட பிள்ளையை உட்கார வைக்கிறாரு, மார்க் குறைஞ்சா படிக்க அனுப்புறாருன்னு திட்டினாரு. என் பிள்ளையை அந்த மனுஷன்கிட்டதான் விடணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.” கொடி மறுபடி ஏறிவிட்டது. போதகரிடம் சீட்டைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். உன் அக்கா சமையலறையில் பாடிக்கொண்டிருக்கிறாள். வாம்பிளைப் போல ஒரு கோச் இந்த மாநிலத்திலேயே கிடையாது, ராய்ஸ், யாராவது மாற்றிச் சொன்னால் என்னிடம் அனுப்பு. சற்று முன் அவரே போன் செய்தார். “மிஸ்டர் பிக்கன்ஸ், ஆள்சேர்ப்பு விதிப்படி ஊர்க்காரங்ககிட்ட நான் எந்த உதவியும் கேட்கக் கூடாது. கேட்கவும் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பையனை எங்க சேர்க்கலாம்னு பார்க்கிற இன்னும் ரெண்டு குடும்பம் மேவிஸ் கடையில சாப்பிட வருது. நீங்க எப்பவும் அங்க காபி குடிக்கிறவர்தானே? எப்பவும் பேசுற மாதிரி பேசிட்டிருங்க, அவ்வளவுதான்” என்று வைத்துவிட்டார். இரண்டு மணி நேரமாக யோசிக்கிறேன், அந்தத் தங்கமான மனிதரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் அவர் ஏதாவது ஒரு பெரிய மடத்தனம் செய்ய வேண்டும் என்று நீயும் வில்மாவும் எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.