சம்பந்தியின் ரெக்கார்டும் என் புது ஊசியும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைச் சும்மா விட முடியாமல் இருப்பது ஒரு வியாதி. படித்தவனுக்கு அது மெதுவாக வந்து மெதுவாகப் போகும். என்னைப்போல் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுச் சொந்தக் கையால் மேலே வந்தவனுக்கு வந்தால், வீட்டையே ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுத்தான் போகும்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். (சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. என் மனைவி கனகத்திடம் கேட்டால் தெரியும்.) பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கோயில் உற்சவமானாலும் சபைக் கூட்டமானாலும் கல்யாணமானாலும் ‘பொன்னையன் சவுண்ட்’ வந்து பெட்டி கட்டாமல் எதுவும் நடந்ததில்லை. ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரைச் சைக்கிளில் வைத்துக் கட்டித் தொடங்கியவன். இன்றைக்கு வேன் உண்டு, ஷெட் நிறையச் சாமான் உண்டு, எந்த மழையிலும் நிற்காத ஜெனரேட்டர் உண்டு. தொழிலை மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததும், நான் வீட்டு முன்னறையில் ஒரு ரெக்கார்டு பிளேயரை வாங்கி வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மருமகள் பிந்து அதியன்னூர்க்காரி. அவள் அப்பா சாமுவேல் சார், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நூறு வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அந்த ஒன்று சரியாக இருக்கும். அந்த மனுஷன் முன்னால் எப்படியாவது ஒரு நாள் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு ஒரு வழி வந்தது. பிந்துவுக்கு நடை பழகும் வயதிலேயே அம்மா இறந்துவிட்டாள். அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மா சபைப் பாடகர் குழுவில் பாடியவள். அந்தக் குழு ஒரு காலத்தில் சொந்தச் செலவில் ரெக்கார்டு போட்டிருக்கிறது. சாரிடம் அதில் ஒன்றே ஒன்று உண்டு. அவர் வீட்டு பிளேயர் எப்போதோ செத்துவிட்டது. கீறிவிடுவார்கள் என்று பயந்து அவர் ரெக்கார்டை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

பிந்து உண்டானதும் நான் சாரிடம் சொன்னேன். ஏழாம் மாசம் பலகாரத்தோடு மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக வருவீர்களே, அன்றைக்கு அதை எடுத்து வாருங்கள், அவள் அம்மாவைப் பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி கேட்கவைக்கிறேன் என்றேன். சார் என்னைப் பார்த்துவிட்டு, “கீறல் விழாதில்லியா?” என்றார். என்னிடம் போய்! சவுண்டு என்றால் இந்தப் பக்கத்தில் பொன்னையன் ஆக்கும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்குப் போய், உள்ளதில் உயர்ந்த கார்ட்ரிட்ஜ் கேட்டேன். ஊசியைத் தாங்கி நிற்கும் சின்னத் தலை அது. கடைக்காரப் பையன் என் விரல் நகம் அளவுக்கு ஒன்றை எடுத்து வைத்தான். இதிலிருந்து வருகிற சத்தம் ரொம்பச் சின்னது, அதை முதலில் பெருக்கித் தர இதற்கென்று தனி ப்ரீஆம்ப் வேண்டும், ஊசி அழுத்துகிற எடையையும் அளந்து வைக்க வேண்டும் என்றான். “ஞான் வந்நு வெச்சுத் தராம் அங்கிளே” என்று வீட்டுக்கு வரவும் தயாராக இருந்தான். நான் சிரித்தேன். ஒரு ஊருக்கே ஆம்ப்ளிஃபையர் வைத்தவனுக்குத் தனி ஆம்ப்பா?

வீட்டில் வைத்து மாட்டினேன். ரெக்கார்டு சுற்றியது. ஒன்றும் கேட்கவில்லை. காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்தால், பக்கத்து ஊரில் யாரோ அழுகிற மாதிரி கேட்டது. கனகம் வந்து பார்த்துவிட்டு, “இதுக்கா அம்புட்டுக் காசு? பழசு நல்லாப் பாடிச்சே” என்றாள். அந்தப் பழசை அதற்குள் ஒரு பையனுக்குத் தானமாகக் கொடுத்திருந்தேன். (தானம் என்றால் அப்படி, யோசிக்கக் கூடாது.)

மறுபடி கடை. இந்த முறை தலையைக் குனிந்துகொண்டு ப்ரீஆம்ப் பெட்டியை வாங்கினேன். பையன் மறுபடி வருகிறேன் என்றான். நான் மறுபடி வேண்டாம் என்றேன். பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. ஆம்ப்ளிஃபையர் முழுசாகத் திருகி இருக்கும்போதே அதைத் தள்ளிவிட்டேன். ‘டும்’ என்று ஒரு சத்தம். அடுக்களையில் கனகம் கர்த்தரைக் கூப்பிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு பாட்டு வந்தது பாருங்கள்! பாடுகிறவன் மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்டது.

ஒரு குறைதான். ஊசி துள்ளித் துள்ளிப் போனது. இது எனக்குத் தெரியாத வியாதியா? மைக் செட்டில் ஊசி துள்ளினால் தலைமேல் ஒரு காசை வைத்து ஒட்டுவோம். பந்தலில் ஆள் ஆடினாலும் அசையாது. ஒரு ரெண்டு ரூபாய்க் காசை ஒட்டினேன். ஊசி அப்படியே அடங்கி உட்கார்ந்தது. அன்று சாயங்காலம் முழுக்க என்னுடைய ரெக்கார்டு ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சார் வருகிற நாள். காலையில் அந்த ரெக்கார்டைத் துடைக்க எடுத்தேன். அதன்மேல் சாம்பல் மாதிரி ஒரு பொடி. ஊதினேன். கீழே வெளுத்த வளையங்கள், வயலில் ஏர் போன மாதிரி. போட்டுப் பார்த்தேன், பாட்டு வந்த இடத்தில் இப்போது பொரிகிற சத்தம்தான் வந்தது. காசைப் பிய்த்தெடுத்து ஊசியைப் பார்த்தேன். காசின் பாரத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலொடிந்த ஆட்டுக்குட்டி மாதிரி நின்றது.

இந்த ஊசி அந்த அம்மாவின் ரெக்கார்டில் ஏறினால், அவள் குரல் இப்படித்தான் பொடியாகி வரும். உலகத்தில் வேறொன்று கிடையாது. அப்போது கேட்டில் கார் நின்றது.

சாரும் அவருடைய ரெண்டு அக்காமாரும் இறங்கினார்கள். டின் டின்னாக முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு. கடைசியாக சார், வெள்ளைத் துண்டில் சுற்றிய ஒன்றைக் கைக்குழந்தையைப்போல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். பிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முதலில் ஜெபம் செய்யலாம் என்றேன். நானே செய்தேன். மிஷனரிமார் தொடங்கி மாநில முதல்வர் வரைக்கும் எல்லோருக்காகவும் செய்தேன். கண்ணைத் திறந்தபோது ஒரு அக்கா தூங்கிவிட்டிருந்தாள். பிறகு சாப்பாடு, சாருக்கு மூன்றாம் தரம் சாம்பார் ஊற்றினேன். பிறகு ஷெட்டைக் காட்டினேன், ரப்பர் மரங்களைக் காட்டினேன், பக்கத்து வீட்டுக்காரரின் மாட்டையும் காட்டினேன். சார் பார்த்ததெல்லாம் முன்னறையைத்தான்.

“மாமா, போடலாமா?” என்று பிந்து கேட்டாள்.

நான் கைகழுவப் போவதுபோலப் பின்பக்கம் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். ஃபேன் நின்றது. திரும்பி வந்து, கரன்ட் போயாச்சே, இங்கே போனால் ராத்திரிதான் வரும் என்று வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். ரொம்ப வருத்தப்பட வேண்டியிருக்கவில்லை, முகம் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது.

சார் அமைதியாகச் சொன்னார். “ஒங்கள்ட்ட ஜெனரேட்டர் உண்டில்லியா? நிச்சயத்துக்கு வந்த அன்னைக்குச் சொன்னியளே.”

சொல்லியிருந்தேன். அது எத்தனை வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் என்பது வரை சொல்லியிருந்தேன். கனகம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டில் டிவி ஓடுகிறதே என்றாள். அவளே போய் மெயினை ஏற்றிவிட்டும் வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழக்கமான பார்வை.

சார் துண்டை விரித்தார். உறையின் மேல் வெள்ளைப் புடவையில் பெண்கள் வரிசையாக நிற்கிற படம். ஒரு முகத்தின் மேல் விரலை வைத்து மகளுக்குக் காட்டினார். பிறகு ரெக்கார்டை எடுத்து என் கையில் தந்தார். நான் அதை பிளேயரில் வைத்தேன். சுற்றியது. ஊசியைத் தூக்கி அதற்கு நேர் மேலே கொண்டுவந்தேன். இனி ஒரு நூல் இறக்கினால் போதும், என் மானம் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். அந்த அம்மா போய்விடுவாள்.

பிந்து பக்கத்தில் வந்து ஸ்பீக்கருக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.

நான் ஊசியை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

“சார், நான் இந்த ஊசியைக் கெடுத்துப் போட்டேன். இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அக்காமார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் சார் முகத்தைப் பார்க்காமல் சுற்றுகிற ரெக்கார்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கனகம் வாசலில் நின்று சொன்னாள்:

“சம்பந்தி, அதை இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க. நாப்பது வருசமா கேக்கணும்னு கெடக்கேன்.”

சார் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பல் எல்லாம் தெரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் ரெக்கார்டைப் பத்திரமாக எடுத்து உறையில் போட்டார்.

பிந்து மட்டும் எழுந்திருக்கவில்லை. “அம்மைக்க பாட்டு கேக்காம நான் வரல்ல அப்பா” என்றாள். அக்காமார் முறை, நாள், ஊர் என்ன சொல்லும் என்று என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தார்கள். அவள் முறுக்கைத் தின்றுகொண்டு தரையிலேயே இருந்தாள். கடைசியில் சார் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, அப்படியானால் நானும் இருக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்காமார் காலி டின்களோடு காரில் ஏறிப் போனார்கள்.

புது ஊசி வெளியூரிலிருந்து வர வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். அது வரும்வரை சார் எங்கள் வீட்டில்தான். காலையில் நடை, மத்தியானம் என் கணக்குப் புத்தகத்தில் தப்புக் கண்டுபிடிப்பது, சாயங்காலம் கனகத்தோடு சேர்ந்து என்னைக் கேலி செய்வது. ஊசி வந்தபோது கடைக்காரப் பையனும் வந்தான். இந்த முறை நான் அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றை ஊசிக்கடியில் வைத்து எடை பார்த்தான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு வந்தது. இருபது பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். தனிக் குரல் ஒன்றும் இல்லை. பிந்து, “இதுல அம்மை ஆரு?” என்று கேட்டாள். சார் விரலை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். அடுத்த சரணம் தொடங்கும் இடத்தில், மற்றவர்கள் மூச்சு இழுக்கும்போதே ஒரு குரல் மட்டும் முந்திக்கொண்டு நுழைந்தது.

“அவதான். ஒருநாளும் பொறுக்கமாட்டா” என்றார் சார்.

அந்த இடத்தையே மறுபடியும் மறுபடியும் போட்டோம். பையன் பஸ்ஸைத் தவறவிட்டான்.

இந்த அமளியில் பிந்து அதியன்னூருக்குப் போகவே இல்லை. பிள்ளை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பிறந்து நேராக எங்கள் வீட்டுக்கே வந்தது. முறை தப்பியதற்கு அந்த அக்காமார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சார் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து ரெக்கார்டோடு வருகிறார். சாப்பிட்டு முடிந்ததும் கனகம், “சம்பந்தி, வேற என்ன வேணும்?” என்று கேட்பாள். சார் என் பக்கம் திரும்பி, “அன்னைக்குச் சொன்னியளே, அது ஒருக்கா” என்பார். வீடே என் வாயைப் பார்க்கும்.

நானும் எழுந்து நின்று சொல்லுவேன், தெரியாது என்று. ஆனால் ஒன்று. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் தேடிப் பாருங்கள், அதை என்னைப்போலத் தெளிவாகச் சொல்ல வேறு ஆள் கிடையாது ஆக்கும்.