ஆறு கிடாயும் ஒரு பட்டமும்

இந்த மாதத்துக்குள் ஆறு கொலை செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். மனைவி பொற்கொடியிடம் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எவன் கொலை செய்கிறான்?

நான் ராசிங்காபுரத்தில் கால்நடை மருத்துவர். ஊரே என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடும், முன்னால் ஒரு 'மாட்டு' சேர்த்து. அதை உதறத்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். ஒன்பது வருடமாகிறது. பட்டம் வரவில்லை, வழுக்கை வந்துவிட்டது.

ஏலத்தோட்டத்தில் கழித்துப்போடும் இலையைத் தின்றால் கிடாய்க்குக் கறி கூடுமா? இதுதான் ஆய்வு. குரங்கணியிலிருந்து ஜீப்பில் இலை வந்தது. எங்கள் கொல்லையில் ஆறு கிடாய்கள் ஒரு வருடம் தின்றன. கடைசி அத்தியாயத்துக்கு அவற்றை வெட்டி, கறி வேறு எலும்பு வேறாக எடை போடவேண்டும். முப்பதாம் தேதிக்குள் ஆய்வேடு போகாவிட்டால் பதிவு ரத்து.

தீனி போட்டு வளர்த்தவள் பொற்கொடி. நான் எண் போட்டேன், அவள் பெயர் வைத்தாள். நான்காம் எண்ணுக்கு, போன வருடம் இறந்துபோன என் அப்பாவின் பெயர். தாடி அப்படியே அவருடையதாம். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று அதை 'மாமா' என்றே கூப்பிட்டாள். அதுவும் ஓடிவந்து அவள் மடியில் தலை வைக்கும். என் அப்பா யார் கூப்பிட்டும் வந்ததில்லை.

அவள் போடிக்குப் போவதாகச் சொன்ன நாளில் கறிக்கடை பாண்டியராஜை வரச்சொன்னேன். கொட்டிலைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஆறு கழுத்திலும் மஞ்சள் துணி.

"அண்ணே, இது சாமிக்கு நேந்துவிட்ட கிடா. நான் புள்ளகுட்டிக்காரன்" என்று கத்தியைச் சாக்கில் சுற்றிக் கீழே வைத்தான்.

பின்னால் பொற்கொடி காப்பியோடு நின்றாள். போடிக்குப் போகவே இல்லை. ஆய்வேட்டில் பிழை பார்ப்பவள் அவள்தான். கடைசி அத்தியாயத்தின் தலைப்பையும் அவள் படித்திருப்பாள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"எப்ப நேந்த?"

"போன வெள்ளிக்கெழம. மலையடிக் கருப்புக்கு."

"சரி, கோயில்லயே வெட்டுவோம். நான் எடை மட்டும் போட்டுக்கிறேன்."

"உங்களுக்குப் பட்டம் கெடைச்சா வெட்டுறதாத்தாங்க நேந்துருக்கேன். அதுக்கு முன்ன கத்தி பட்டா சாமி குத்தமாயிரும்."

"இதுகள வெட்டாம பட்டம் எப்படிடி வரும்?"

"பட்டம் வராம எப்படிங்க வெட்டுறது?"

வேறு கிடாய் வாங்கலாமென்றால், ஒரு வருடம் ஏல இலை தின்ற கிடாய்க்கு எங்கே போவேன்? அறிவியல் படித்தவன் நான், சாமிக்கெல்லாம் பயப்பட மாட்டேன் என்று கத்தியை நானே எடுத்தேன். மாமா என் கையை நக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டவர், மஞ்சள் துணி கட்டியாகிவிட்டதா என்று மட்டும் விசாரித்தார். ஆமென்றேன். தனக்கு ஓய்வுபெற இரண்டு மாதம்தான் இருக்கிறது, தன்னை இதில் இழுக்கவேண்டாம் என்று வைத்துவிட்டார்.

முப்பதாம் தேதி போயிற்று. பதிவு ரத்து என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. ஒன்பது வருடத்துக்கு இரண்டு வரி. இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டுப் பொற்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விடுங்க, திரும்பப் பதிஞ்சுக்கங்க. கருப்புகிட்ட நான் தவண கேட்டுக்கிறேன்."