இருபது கிராம் முத்தம்

கல்யாணமாகி மூன்று பிள்ளைகளைப் பெற்ற ஒரு மெக்சிகோக்காரரிடம், கம்பெனி மீட்டிங் அறையில், பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் முத்தம் கேட்டிருக்கிறேன். சும்மாவும் கேட்கவில்லை. இத்தனை கிராம் என்று அளவு சொல்லிக் கேட்டேன். குறைந்தால் வாங்க மாட்டேன் என்று மிரட்டியும் வைத்தேன்.

ஆமாம், நான்தான். இந்தக் கதையை எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் கொண்டுபோய், கண் காது மூக்கு வைத்துச் சொல்லிவருகிறார்கள். ஒரு அத்தை, நான் அவரைத் துரத்திக்கொண்டு ஓடியதாகக்கூடச் சொன்னாராம். (ஓடவில்லை. ஓட அங்கே இடமும் இல்லை.) அதனால் நடந்ததை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது.

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புக்கிட் தெங்காவில் கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பதினேழு வருட சர்வீஸ். ஆப்பரேட்டராகச் சேர்ந்து, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சூப்பர்வைசராக ஏறியவள். என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், நிறுப்பது. மணிக்கு ஒரு தடவை மெஷினிலிருந்து விழும் பாகத்தை எடுத்துத் தராசில் வைக்க வேண்டும். எடை சரியென்றால் பாகம் சரி. எடை குறைந்தால், வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே எங்கோ காற்றடைத்து ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கம்பெனி மெக்சிகோவில் ஒரு கிளை திறந்தது. அங்கே தரப் பிரிவை உருவாக்க இரண்டு வருடத்துக்கு எங்கள் தொழிற்சாலையிலிருந்து ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். பட்டியலில் இரண்டே பெயர். ஒன்று ஜேசன். டிகிரி வைத்திருந்தான், டிவி செய்தி வாசிப்பவர் மாதிரி ஆங்கிலம் பேசுவான். இன்னொன்று கஸ்தூரி, அதாவது நான். மூன்று மாதத்தில் மெக்சிகோ மேலாளர் நேரில் வந்து, எங்கள் இருவரின் விளக்கத்தையும் கேட்டு, ஆளைத் தேர்ந்தெடுப்பார்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஒரு பிரிவை யாரிடமும் கேட்காமல் என் இஷ்டப்படி நடத்த வேண்டும் என்ற ஆசை மட்டும் தொண்டை வரைக்கும் இருந்தது. எவ்வளவு ஆசை என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தீவில் எங்கள் வீடு இருக்கும் ஜெலுத்தோங் முழுக்க ஆளாளுக்கு அறிவுரை சொல்ல வரிசையில் நின்றிருப்பார்கள்.

ஜேசனிடம் ஆங்கிலம் இருந்தால் என்ன, நான் அவர்கள் மொழியிலேயே பேசிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். வீட்டில் சொன்னபோது அண்ணன் சேகர் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஸ்பானிஷா? ஒன் மலாயே பாசார் மலாய், சந்தையில பேசுற அரைகுறை. தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுத்தாலும் ஒனக்கு ஸ்பானிஷ் வராதுலா."

"வரும். நீ பாரு."

"சரி, நீ மொதல்ல மெக்சிகோ எந்தப் பக்கம்னு சொல்லு."

(எனக்குத் தெரியவில்லை. கோபமாக இருப்பதுபோல் எழுந்து போய்விட்டேன்.)

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சை அளந்துதான் செலவு செய்வார். "படிக்கட்டும்," என்றார். அந்த வாரம் அவர் பேசியதில் அதுதான் நீளம்.

படிப்பு முழுக்க கம்பெனி பஸ்ஸில்தான். பினாங்குப் பாலத்தைக் கடந்து போகவர ஒன்றரை மணி நேரம். காதில் போன், மடியில் நோட்டுப் புத்தகம். டிரைவர் மணியம் அண்ணன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வருவார். நான் வாய்க்குள் முணுமுணுப்பதைப் பார்த்து, "அம்மா தாயி, மந்திரத்த எம்மேல வெச்சிடாத, வண்டி ஓட்டுறேன்," என்பார்.

முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. ஆங்கில எழுத்தில் ஸ்பானிஷ் படிப்பது வீண் வேலை. ஜே என்று எழுதிவிட்டு ஹ என்கிறார்கள். எச் என்று எழுதிவிட்டு அதைப் படிக்கவே மாட்டேன் என்கிறார்கள். எல் இரண்டு வந்தால் அது யகரமாம். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். எழுதியதைப் படிப்பதும் படிப்பதை எழுதுவதும்தான் எங்களுக்குப் பழக்கம். எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கினேன்.

அடடா, என்ன சுகம்! உலகமே திணறும் ஓர் எழுத்து அந்த மொழியில் உண்டு. தலைமேல் சின்ன அலை போட்ட என். நமக்கு அது வெறும் ஞ. செஞோர் என்றால் ஐயா, மஞானா என்றால் நாளை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு பிழைப்பில்லாமல் கிடந்த ஞகரத்துக்கு என் நோட்டில் தினமும் வேலை. ரகரமும் றகரமும்கூட அவர்களிடம் உண்டு. பெரோ என்றால் ஆனால், பெறோ என்றால் நாய். என் தமிழ் டீச்சர் றகரத்துக்காக எனக்குக் கொடுத்த அடியெல்லாம் மெக்சிகோவுக்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தமிழ்ல எழுதினா தப்பே வராது, தெரியுமா?" என்று அண்ணனிடம் சவால் விட்டேன். தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைக்காததுதான் மிச்சம். அவர் எதையும் மறக்க மாட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எடைக்கு ஸ்பானிஷில் பேசோ. முத்தத்துக்கு ஸ்பானிஷில் பேசோ. இல்லை, இரண்டும் ஒன்றல்ல, வேறு வேறு சொற்கள். ஆனால் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்யட்டும்? 'பல்' என்பதில் வரும் ப போட்டால் எடை. 'பஸ்' என்பதில் வரும் ப போட்டால் முத்தம். ஒரே ப வைத்துக்கொண்டு பல்லும் விளக்கி பஸ்ஸும் ஏறும் இனம் நாம்.

எனக்கு முத்தம் என்ற சொல் தெரியவே தெரியாது. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அது எதற்கு? நான் எழுதி வைத்தது எடையை மட்டும்தான். வீட்டில் தனியாகச் சொல்லும்போது சரியாகப் பல்லு பேசோதான் வந்தது. ஆனால் அவர்கள் மொழியில் 'ஒரு எடை' என்பதற்கு 'உன் பேசோ' என்று சொல்ல வேண்டும். வேகமாகச் சொன்னால் அது 'உம்பேசோ' ஆகிவிடும். கம்பி, தும்பி, பம்பரம் என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்ந்த வாய்க்கு, மகரத்துக்குப் பின்னால் வரும் பகரம் தானாகவே பஸ் ஏறிவிடும். அதை நம் யாராலும் நிறுத்த முடியாது.

அந்த நாள் வந்தது. மேலாளர் செஞோர் ராமீரெஸ் வெள்ளை மீசையும் சிரிக்காத முகமுமாக உட்கார்ந்திருந்தார். அவரோடு வந்த லூபே என்ற இளம் பெண் இஞ்சினியர் பக்கத்தில் இருந்தாள். எங்கள் மேனேஜர் மிஸ்டர் லிம், ஜேசன், மற்றவர்கள் என்று அறை நிறைந்திருந்தது. ஜேசன் முதலில் பேசினான். வழுக்கிக்கொண்டு போனது அவன் ஆங்கிலம். மிஸ்டர் லிம் என் பக்கம் குனிந்து, நீயும் ஆங்கிலத்திலேயே பேசிவிடேன், ஏன் வம்பு என்றார். முடியாது என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன். மூன்று மாதம் பஸ்ஸில் பைத்தியக்காரிப் பட்டம் வாங்கியது எதற்கு?

"புவேனோஸ் தீயாஸ், செஞோரெஸ்!" என்று தொடங்கினேன். ராமீரெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் ஞகரத்துக்கு மயங்காதவர் யார்? எனக்குத் தைரியம் கூடியது, கூடவே வேகமும் கூடியது. அடுத்து நான் சொல்ல நினைத்தவற்றையும் உண்மையில் சொன்னவற்றையும் பின்னர் லூபே எனக்கு விளக்கியபடி தருகிறேன்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எடை உண்டு என்று சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முத்தம் உண்டு என்று சொன்னேன்.

லூபே தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

எனக்கு மணிக்கு ஒரு முத்தம் வேண்டும் என்றேன். துல்லியமான முத்தம் வேண்டும் என்றேன். போதாத முத்தத்தை நான் ஏற்பதில்லை, குப்பையில் போட்டுவிடுவேன் என்றேன். லூபே மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. அவளுக்கு இருமல் என்று நினைத்து, பாவம், கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.

கடைசியில், மெக்சிகோவிலிருந்து அவர்கள் பெருமையாகக் கொண்டுவந்திருந்த மாதிரிப் பாகத்தை ராமீரெஸ் கையாலேயே தராசில் வைக்கச் சொல்வதாக ஏற்பாடு. நான் இரண்டு கைகளையும் அவர் பக்கம் நீட்டி, இனிமையாகக் கேட்டேன்.

"செஞோர் ராமீரெஸ், போர் ஃபவோர், தேமே உன் பேசோ தெ வெயின்தெ கிராமோஸ்."

ஐயா, தயவுசெய்து எனக்கு இருபது கிராம் முத்தம் கொடுங்கள்.

அந்தச் சிரிக்காத மனிதர் சிரித்தார். மேசையைத் தட்டிச் சிரித்தார். மீசை நனையச் சிரித்தார். லூபே மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் என்ன கேட்டேன் என்பதை அறைக்கே ஆங்கிலத்தில் சொன்னாள். மிஸ்டர் லிம் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தார். மற்ற எல்லாரும் சிரித்தார்கள். ஜேசன் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தான்.

என் காது இரண்டும் கொதித்தன. கண்ணில் தண்ணீர் முட்டியது. கதவு ஆறு அடி தூரத்தில் இருந்தது. ஓடிப்போய்க் கழிப்பறையில் அழுதிருக்கலாம், அதோடு மெக்சிகோவும் முடிந்திருக்கும். ஆனால் ஜேசனின் பல் தெரிந்த அந்த ஒரு நொடியில் எனக்கு வெட்கம் போய்க் கோபம் வந்துவிட்டது. பதினேழு வருடமாக நிறுக்கிறேன். ஒரு சொல் வழுக்கியதால் நான் நிறுக்கத் தெரியாதவளாகிவிடுவேனா?

ராமீரெஸுக்கு முன்னால் இருந்த மாதிரிப் பாகத்தை நானே எடுத்துத் தராசில் வைத்தேன். பதினெட்டுப் புள்ளி ஆறு என்று காட்டியது. இருக்க வேண்டியது இருபது.

தராசைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக வைத்தேன். பிறகு தெரிந்தே, வேண்டுமென்றே, பஸ் ப போட்டுச் சொன்னேன்.

"ஃபால்தா பேசோ, செஞோர்." இதில் முத்தம் குறைகிறது, ஐயா.

மறுபடி சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. "போர் கே?" என்றேன். ஏன்?

ராமீரெஸ் குனிந்து எண்ணைப் பார்த்தார். சிரிப்பு அவரிடம்தான் முதலில் நின்றது. பாகத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அறுக்கச் சொன்னார். அறுத்தோம். நடுவில் சுண்டு விரல் நுழையும் அளவுக்குக் காற்றுக் குழி. அதே பாகத்தை ஜேசனும் கையில் பிடித்துக்கொண்டுதான் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசியிருந்தான்.

ஜேசனின் பல் மறைந்துவிட்டது. ஆனால் என் மானம் அதற்குள் பாலம் தாண்டிவிட்டது. மாலையில் பஸ்ஸில் ஏறும்போதே மணியம் அண்ணன் கேட்டுவிட்டார்.

"என்னம்மா கஸ்தூரி, வெள்ளக்காரன்கிட்ட முத்தம் கேட்டியாமே?"

"ஆமாண்ணே. கொறச்சலா குடுத்தாரு, வாங்கல. வண்டிய எடுங்க."

பஸ்ஸே கைதட்டியது. வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் வாசலிலேயே காத்திருந்தார். மணியம் அண்ணன் போன் செய்துவிட்டாராம். (ஓட்டும்போது போன் பேசக்கூடாது என்ற சட்டம் அவருக்கு இல்லை போலும்.)

"தமிழ்ல எழுதினா தப்பே வராதுன்னு சொன்ன ஆளு யாரு?" என்றார் அண்ணன்.

"தப்பு எழுத்துல இல்ல. ஒரு எழுத்துல ரெண்டு சத்தம் வெச்சிருக்கோம், சிக்கனம். அவங்களுக்குப் புரியல."

அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். நான் பயந்தேன். கல்யாணமாகாத மகள் ஊர் சிரிக்க முத்தம் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"எட கொறஞ்சிதா இல்லியா?" என்றார்.

"கொறஞ்சிதுப்பா. ஒண்ணு புள்ளி நாலு கிராம்."

"அப்ப நீ சொன்னது சரி," என்று பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அந்தப் பேப்பருக்குப் பின்னால் அவர் தோளும் லூபேயின் தோள் மாதிரியே குலுங்கியதை நான் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் ராமீரெஸிடமிருந்து மிஸ்டர் லிம்முக்குக் கடிதம் வந்தது. நிறுக்கிற அம்மாவை அனுப்பவும் என்று எழுதியிருந்தார். நான் இங்கே மெக்சிகோவுக்கு வந்து பதினான்கு மாதமாகிறது. என் பிரிவில் மணிக்கு ஒரு தடவை எடை பார்க்கும் நேரத்துக்குத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர், முத்த நேரம். நான் தடுக்கவில்லை. அந்த நேரத்தை யாரும் மறப்பதே இல்லை, எந்த மேனேஜர் வைத்த சட்டத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது? நோட்டில் இன்னும் தமிழில்தான் எழுதுகிறேன். பஸ் ப வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் சின்னதாக ஒரு பஸ் வரைந்துவிடுவேன்.

பினாங்கிலிருந்து வீட்டார் போன் செய்தால் யாரும் சரி, வைக்கிறேன் என்று முடிப்பதில்லை. ஆளுக்கு ஓர் எடை சொல்வார்கள். அண்ணன் எப்போதும் லாரி லோடு கணக்கில் அள்ளி வீசுவார், மணியம் அண்ணன்கூட ஒருமுறை வீட்டுக்கு வந்து கால் கிலோ சொன்னார். அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இருவது கிராம்மா," என்று சொல்லி, நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிடுவார். அப்பா எனக்கு முத்தம் கொடுத்ததாக ஒரு ஞாபகமும் எனக்கில்லை. அந்தத் தலைமுறைக்கு அதெல்லாம் வராது.

போன மாதம் என் பிறந்தநாள். மெஷின் லைனில் நிற்கும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது. வழக்கம்போலக் கனைத்தார். மறுபடியும் கனைத்தார். பிறகு, "இன்னிக்கு ஒரு கிலோ போட்டுக்கம்மா," என்றார்.

இந்த முறை அவர் போனை வைக்கவில்லை. காத்திருந்தார். சுற்றிலும் பன்னிரண்டு பேர் பார்க்க, கண்ணைக்கூடத் துடைக்காமல், மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன்.

"கெடச்சிருச்சிப்பா. எட சரியா இருக்கு."